கண்டாங்கிப் பை கிழிந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பொங்கலுக்கு முந்தைய வாரம். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் சாமான் வாங்கி, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, டோபி காட்டில் யீஷூன் பக்கம் போகும் ரயிலுக்கு மாறுவதற்காக நடந்துகொண்டிருந்தேன். தோளில் நானே தைத்த துணிப்பை. உள்ளே 5 கிலோ பொன்னி அரிசி, 2 கிலோ வெங்காயம், இரண்டு தேங்காய், ஒரு லிட்டர் நல்லெண்ணெய், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வெல்லம். 'சர்ர்' என்று ஒரு சத்தம். என்னவென்று திரும்புவதற்குள் பையின் ஒரு மூலை தொங்கிவிட்டது. அரிசி மூட்டை காலில் விழுந்தது, தேங்காய் ஒன்று கூட்டத்துக்குள் உருண்டு போனது. பள்ளிச் சீருடையில் இருந்த பையன் ஒருவன் குனிந்து வெங்காயம் பொறுக்கினான். வயதான சீன அம்மா ஒருவர் தம் கைப்பைக்குள் துழாவி, மடித்து வைத்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். சந்தையில் மீன் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. துணிப்பை தைத்த பெருமை அத்தோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டிருப்பேன். அம்மாதான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தையல் ஒண்ணும் விடலையேடி, துணிதானே போயிருக்கு" என்றார். அப்போதுதான் நானும் உற்றுப் பார்த்தேன்.

பை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க ஆரம்பித்தன. ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் இந்த விதி. தேக்கா காய்கறிக் கடைகளும் நம்மூர் மளிகைக் கடைகளும் இதில் வரமாட்டா. 5 காசு பெரிய பணம் இல்லைதான். ஆனால் பணம் கட்டும் இடத்தில் "பை வேணுமா?" என்று திரை கேட்கிறபோது ஒரு சின்ன உறுத்தல். வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. அலமாரியில் அம்மாவின் பழைய காரைக்குடி கண்டாங்கிச் சேலை ஒன்று, மடித்த மடிப்புக் கலையாமல் பல வருஷமாகக் கிடந்தது. அரக்கு உடல், மஞ்சள் கட்டம், கைத்தண்டி அகலத்துக்குக் கரை. அதை வெட்டுவதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே ஒரு வாரம் ஆனது. அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் பை தயார். அழகாகவே இருந்தது. ரயிலில் இரண்டு பேர் எங்கே வாங்கினேன் என்று கேட்டார்கள்.

அந்த அழகுதான் வினை என்று பிறகு தெரிந்தது.

கிழிந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பிடியின் நுனி இன்னும் பத்திரமாக இருந்தது. அதோடு சேர்ந்து, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டுக் கண்டாங்கித் துணியும் ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் ஓர் இழைகூட அறவில்லை. தையல் வரிசைக்கு நேர் கீழே, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் கிழிசல் கரையை ஒட்டியே பக்கவாட்டில் ஓடியிருந்தது. அடர்த்தியான கரை முடிந்து மெல்லிய உடல் துணி தொடங்குகிற இடம் அது.

தேக்கா சென்டரில் மாடியில் வரிசையாகத் தையல் கடைகள் உண்டு. ரவிக்கை தைக்கப் போகும் கடையில் பையையும் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, துணியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

"என்னக்கா, அஞ்சல்தலை ஓரம் மாதிரி ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க. துணியக் குத்தம் சொல்லாதீங்க. என்ன ஊசி போட்டீங்க?"

யோசித்தேன். என் வீட்டுக்காரருடைய ஜீன்ஸைக் குட்டையாக்குவதற்காக மாட்டிய 16ஆம் எண் ஊசி. அதைக் கழற்றவே இல்லை. தையலின் நீளத்தையும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்திருந்தேன். நெருக்கித் தைத்தால் உறுதி என்பது என் நினைப்பு. அதோடு விட்டேனா? ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டினேன். கைப்பிடியின் அகலம் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 17 ஓட்டை என்றால் மூன்று வரிசைக்கு 50. பென்சிலைக் குறுக்கே வைத்தால் மறைந்துபோகிற இடத்தில், தடித்த ஊசியால் 50 குத்து. பலப்படுத்துகிறேன் என்று நான் செய்த வேலை, கிழிப்பதற்குக் கோடு போட்டுக் கொடுத்த வேலைதான்.

ஆனால் ஊசி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மிச்சத் துணியைச் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். சேலை நெடுகப் போகிற இழை பாவு, குறுக்கே போகிற இழை ஊடு. என் சேலையில், பாவு தாங்க வேண்டிய பட்டையைக் கிழிக்க நல்ல மூச்சு பிடிக்க வேண்டியிருந்தது. ஊடு தாங்க வேண்டியது அதைவிடச் சுலபமாகக் கிழிந்தது. பழைய மடிப்புக் கோட்டில் வெட்டிய பட்டையோ காகிதம் மாதிரி வந்துவிட்டது. கஞ்சி போட்டு, ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்த பருத்தி அந்தக் கோட்டில் நைந்துபோகும். சேலையை அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றி வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இப்போது நான் வெட்டிய விதத்தைப் பாருங்கள். கரை பையின் வாயில் வர வேண்டும், பார்ப்பவர் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும் என்று ஆசை. கரை சேலை நெடுகப் போவது. அதைப் பையின் வாயில் படுக்கவைத்தால் பாவு இழை முழுக்கப் பக்கவாட்டில் போய்விடும். எடையைத் தூக்குகிற வேலை ஊடு இழையின் தலையில் விழும். அடுத்தது, கரை பிசிராது. அதனால் "மடித்துத் தைக்க என்ன அவசியம்?" என்று வாயை மடிக்காமலே விட்டேன். கைப்பிடியை ஒற்றைத் துணியில், கரைக்குச் சற்றுக் கீழே வைத்துத் தைத்தேன். கரை மேல் ஊசி போனால் அழகு கெடுமே! ஆக, ஒற்றை அடுக்கு, பலவீனமான திசை, நைந்த துணி, 50 ஓட்டை. ஒன்பது கிலோவுக்கு மேல் ஏற்றும்வரை இரண்டு மாதம் அந்தப் பை தாங்கியதுதான் ஆச்சரியம். அதுகூடத் தாங்கியது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் எல்லாம் ரொட்டி, பால், கீரை என்றுதான் தூக்கியிருக்கிறேன்.

இந்த நாலில் எது முதல் குற்றவாளி? என் கணிப்பு, ஒற்றை அடுக்கு. வாயை இரண்டு முறை மடித்து, மூன்று அடுக்கில் கைப்பிடியைப் பிடிக்கவைத்திருந்தால் மற்ற மூன்று தப்பும் இன்னும் ஒரு வருஷமாவது ஒளிந்துகொண்டிருக்கும். கடைகளில் தாம்பூலப் பையைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு மட்டமான துணியாக இருந்தாலும் வாயை மடித்திருப்பார்கள்.

இரண்டாவது பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்ட அவமானத்தில் எதிர்ப்பக்கம் ஓடினேன். அராப் ஸ்திரீட்டில் இருப்பதிலேயே தடித்த கான்வாஸாகப் பார்த்து வாங்கி, கைப்பிடியையும் அதே துணியில் நாலாக மடித்துத் தைத்தேன். நாலு அடுக்குக் கைப்பிடியும் மூன்று அடுக்கு வாயும் சேர்ந்து ஏழு அடுக்கு. வீட்டு மிஷின் முனகியது. இரண்டு ஊசி உடைந்தது. ஒரு துண்டு என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. தடித்த இடத்தில் காலால் அழுத்தி ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். துணியைத் துவைக்காமல் வெட்டியதால், முதல் சலவைக்குப் பிறகு பை சுருங்கி ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

ஆனால் கிழியவில்லை. அரிசி மூட்டை இரண்டைப் போட்டு இரும்புக் கதவுக் கம்பியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன், அசையவில்லை. அப்படியென்றால் வெற்றிதானே? அந்தப் பை மடங்காது. மடக்கினால் விறைத்துக்கொண்டு நிமிர்ந்துவிடும். கைப்பைக்குள் போகாது. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தது, அங்கேயே இருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் பேரங்காடிக்குள் நுழையும்போது அது யீஷூன் வீட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கும். நான் கீழே நின்று 5 காசு கட்டிக்கொண்டிருப்பேன். ஐந்து மாதத்தில் அது வெளியே போனது எத்தனை முறை என்று கேட்டால், இரண்டு கை விரல் போதும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண பருத்திப் பையைப் பேரங்காடி பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டார்கள். பருவநிலைக் கணக்கை மட்டும் பார்த்தால் பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்த வேண்டும். நீர், ஓசோன் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத் துணிப்பையே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், முதல் எண்ணே என்னைப் போன்றவர்களுக்குப் போதுமான கண்டிப்பு. கதவில் தொங்கிய கான்வாஸ் பை 52இல் பாதிகூடத் தாண்டவில்லை. பழைய சேலையை வெட்டினால் கணக்கு வேறு, அந்தப் பருத்தி ஏற்கனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்தது. புதுத் துணியை மீட்டரில் அளந்து வாங்கித் தைத்துவிட்டு வீட்டில் மாட்டி வைத்தால், சுற்றுச்சூழலுக்கு நான் ஒரு நன்மையும் செய்யவில்லை.

மூன்றாவது பை 2024 ஜூலையில். இந்த முறை இரண்டு பாடத்தையும் சேர்த்து யோசித்தேன். துணி, பள்ளிச் சீருடைக் காற்சட்டைக்கு எடுப்பார்களே, அந்த மாதிரி பருத்தி ட்ரில். கான்வாஸில் பாதிக் கனம்தான் இருக்கும். கைப்பிடிக்குத் துணியே வேண்டாம் என்று முடிவு செய்து, இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் பருத்தி நாடா 3 மீட்டர் 10 சென்டி வாங்கினேன். இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளவெடுத்தேன்.

துணியை 45 சென்டிமீட்டர் அகலம், 92 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரே துண்டாக வெட்டினேன். நீளவாக்கில் பாவு. நடுவில் மடிந்து அதுவே அடிப்பாகமாகிவிடும், அடியில் தையலே கிடையாது. நாடாவைத் துணி இன்னும் தட்டையாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். பக்க ஓரத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு வாயிலிருந்து அடி வழியாக மறு வாய் வரைக்கும் நாடா ஓடும். அங்கே, மடித்து முடித்த வாய்க்கு மேலே 66 சென்டிமீட்டரைக் கைப்பிடிக்கு விட்டுவிட்டு, மறு பக்கமாக அதேபோல் திரும்பி வரும். முழு நாடாவும் ஒரே வளையம். வளையத்தின் இரண்டு நுனியும் பையின் அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக நாலு சென்டிமீட்டர் ஏறிச் சேரும்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் பையில் அரிசியின் எடை முழுவதும், கைப்பிடி நுனியைப் பிடித்திருந்த அந்த நாலு சின்னத் தையலில் நின்றது. நாடா அடியில் சுற்றி வந்தால், எடையை நாடா ஏந்திக்கொள்கிறது. இரண்டு கயிற்றின் மேல் மூட்டையை வைத்துத் தூக்குவது மாதிரி. துணிக்குச் சாமான் சிந்தாமல் பார்த்துக்கொள்கிற வேலைதான். நடக்கும்போது பை துள்ளும் பாருங்கள், நிறுத்தி வைத்த எடையைவிட அந்தத் துள்ளலுக்குத்தான் தையல் அதிகம் பயப்படும். அந்த இழுப்பும் நாடாவோடு போய்விடும்.

14ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நாடாவின் இரண்டு ஓரத்திலும் ஒரே ஒரு வரிசை. வெட்டிய வாயிலிருந்து 8 சென்டிமீட்டருக்குக் கீழேயே நிறுத்திவிட்டேன், இல்லையென்றால் பிறகு வாயை மடிக்க முடியாது. பக்கத் தையலை பிசிர் தெரியாமல் இரண்டு முறையாகப் போட்டேன்: முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து 6 மில்லிமீட்டரில் ஒரு தையல், அதன் ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்து, உள்வெளியாகத் திருப்பி 9 மில்லிமீட்டரில் இன்னொன்று. பிசிர் உள்ளே சிறைப்பட்டுவிடும். அப்புறம் வாயை ஒரு சென்டிமீட்டர் மடித்து, மறுபடி 3 சென்டிமீட்டர் மடித்துச் சுற்றிலும் தையல். கடைசியாக நாடாவை வாயின் மேல் படியவைத்து, 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டம், அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. ஓட்டைகள் ஒரே கோட்டில் விழாமல் பரவிக் கிடக்கும்.

அடிமூலை இரண்டையும் முக்கோணமாகப் பிடித்து, குறுக்குக் கோடு 12 சென்டிமீட்டர் வருகிற இடத்தில் தைத்தால் பை உட்காரும். கணக்குப்படி அடி 30க்கு 12, உயரம் 36. 5 கிலோ அரிசி படுத்துக்கொள்ளும், அதன் மேல் வெங்காயம், காய்கறி. இதைவிடப் பெரிதாகத் தைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெரிய பையைக் கண்டால் கை சும்மா இருக்காது, தர்பூசணியையும் தூக்கி வைக்கும்.

விளிம்பில் ஒரு நாடா வளையமும் எதிரே ஒரு பொத்தானும் வைத்தேன். மூன்றாக மடித்துச் சுருட்டினால் சின்னச் சாப்பாட்டு டப்பா அளவு. கைப்பைக்குள் அதற்கென்று ஓர் இடம். சாமானை வெளியே எடுத்து வைத்ததும் பையைச் சுருட்டி உடனே கைப்பையில் போட வேண்டும், "அப்புறம் போடலாம்" என்றால் போச்சு.

பலன்? ஒன்றரை வருஷம் ஆகிறது, கைப்பிடி பக்கம் ஒரு நூல்கூட அசையவில்லை. 52ஐ எப்போது தாண்டினேன் என்று தெரியாது, வாரத்தில் மூன்று நாளாவது வெளியே போகிறது. தேய்மானம் நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்திருக்கிறது. பேருந்திலும் ரயிலிலும் கீழே வைப்பதால் அடிமூலை இரண்டும் வெளுத்து, ட்ரில்லின் சாய்கோடு அழிய ஆரம்பித்துவிட்டது. உள்பக்கமாக ஓர் ஒட்டுத்துணி வைக்க வேண்டும். இன்னொரு தொல்லை, பூசணம். காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிற ஊர் இது. ஒருநாள் உறைந்த இறால் பொட்டலத்தின் ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டேன், இரண்டே நாளில் கரும்புள்ளி. மீனுக்கும் இறைச்சிக்கும் இந்தப் பையைத் தொடுவதே இல்லை இப்போது.

பிளாஸ்டிக் பை வீட்டைவிட்டு ஒழிந்ததா என்றால், இல்லை. எங்களுடையது போன்ற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குப்பைக் குழாயில் போடும் குப்பையைக் கட்டித்தான் போட வேண்டியிருக்கிறது. முன்பு பேரங்காடிப் பை இலவசமாக வந்து அந்த வேலையைச் செய்தது. இப்போது குப்பைக்கென்றே சுருள் பை வாங்குகிறோம். சந்தைச் சிவப்புப் பையையும் சேர்த்து வைக்கிறோம். எண்ணிக்கை நிச்சயமாகக் குறைந்திருக்கிறது, ஏனென்றால் முன்பெல்லாம் சமையலறை இழுப்பறை திறக்கவே வராத அளவுக்குப் பை அடைந்து கிடக்கும். இங்கே குப்பையை எரித்து, சாம்பலைக் கொட்டுவதற்குச் செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இழுப்பறை காலியானதே எனக்குப் போதும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியபோது அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சிரித்தது நினைவிருக்கிறது. "மஞ்சப்பை தூக்கினா பட்டிக்காட்டான்னு சிரிச்சவங்கதானே இவங்கள்லாம்." அந்த அம்மா போன மாதம் தனக்கும் ஒரு பை வேண்டும் என்றார். ட்ரில் பை மாதிரியேதான், ஆனால் கண்டாங்கிக் கரை வாயில் தெரிய வேண்டுமாம். மிச்சமிருந்த கரையில் நைந்த இடத்தைத் தள்ளி ஒரு பட்டை எடுத்தேன். வாயை மடித்து, நாடாவைக் கட்டம் போட்டு முடித்த பிறகு, அதன் மேல் கரையைச் சும்மா ஒட்டுத்துணி மாதிரி சுற்றிவைத்துத் தைத்தேன்.

"இது எடை தாங்குமா?" என்று கரையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு ஒரு வேலையும் கெடையாதும்மா. சும்மா பார்க்க."

"சரி, நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சு, தேக்காவுக்குப் போய்ட்டு வரலாம் வா" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.